யாரோடு ஒப்பிடுவது? மரபுமொழி ஆய்வாளரின் பணி வாழ்க்கை

வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசி வளர்ந்தவர்களை ஆராயும் மொழியியலாளர், தம் பணி வாழ்க்கையில் இரு தரப்பாரின் கேள்விகளுக்கு நடுவே நிற்கிறார். பிள்ளை மொழியைச் சரியாகப் பேசுகிறதா என்று பெற்றோரும் ஆசிரியரும் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மனத்தில் உருவாகியிருக்கும் இலக்கணம் எத்தகையது என்று சக ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். பின்னதுதான் அறிவியல், முன்னது வெறும் கவலை என்று ஒதுக்கிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் இத்துறையின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் ஒரே சிக்கல் கிடப்பது தெரியும். பிழை, குறை, இழப்பு என்று எதைச் சொன்னாலும் அதற்கு முன்பு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது; அந்த அளவுகோலாக யாருடைய பேச்சை எடுத்துக்கொள்வது என்பதுதான் அச்சிக்கல். இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் பலரின் பணி வாழ்க்கை, முதலில் கையில் எடுத்த அளவுகோலைச் சிறிது சிறிதாகச் சந்தேகிக்கத் தொடங்கிய கதையாகவே இருக்கிறது.

மரபுமொழியாளர் என்பவர் யார் என்பதற்கு அமெரிக்காவில் பரவலாக எடுத்தாளப்படும் வரையறை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குவாதலூப் வால்தேஸ் 2000ஆம் ஆண்டையொட்டி அளித்தது. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி பேசப்படும் வீட்டில் வளர்ந்து, அந்த மொழியைப் பேசுபவராகவோ குறைந்தபட்சம் புரிந்துகொள்பவராகவோ இருந்து, இரு மொழிகளிலும் ஏதோ ஓர் அளவுக்குத் திறன் பெற்றிருப்பவர் என்பது அதன் சாரம். 'புரிந்துகொண்டால் போதும்' என்று கதவை இவ்வளவு அகலமாகத் திறந்துவைத்ததால், பாட்டியிடம் சரளமாகக் கதை பேசும் பெண்ணும், அதே பாட்டி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அவளுடைய தம்பியும் ஒரே வகைக்குள் வந்துவிட்டார்கள். வகுப்பறைக்கு இந்த வரையறை வசதியானது. சோதனைக்கூடத்துக்கு அது தீராத தலைவலி.

தலைவலியின் வரலாறு இன்னும் பழையது. 1923இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த டி. ஜே. சேர், கிராமப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வில் ஒருமொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருப்பதாக எழுதினார். அந்தக் காலத்து ஆய்வுகள் பலவற்றில் குடும்பத்தின் வசதி, பள்ளியின் தரம், தேர்வு நடத்தப்பட்ட மொழி ஆகியவை முறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. இருந்தும் இரு மொழிகள் பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்துவிட்டது. 1962இல் மான்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பெர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளைச் சமூக நிலையிலும் பிறவற்றிலும் ஒத்த குழுக்களாகப் பிரித்துச் சோதித்தபோது முடிவு தலைகீழானது. இரு மொழிகளிலும் சமமான திறன் கொண்ட பிள்ளைகள் பல தேர்வுகளில் முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது 'சமநிலை' இருமொழியாளர்களை மட்டுமே என்பதால், திறமையான பிள்ளைகளே அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார்களோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அளவுகோலைத் திருத்தியவர்களிடமும் அளவுகோல் பற்றிய கேள்வி விடாமல் ஒட்டிக்கொண்டது.

எண்களை நம்பாமல் ஒரே ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர்களும் இருந்தார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோஞா, தாம் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் மட்டுமே பேசித் தம் மகன் லூயியை வளர்த்த விதத்தை 1913இல் வெளியிட்டார். 'ஒருவருக்கு ஒரு மொழி' என்று இன்றைக்கும் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை அங்கிருந்து பிரபலமானது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெர்னர் லியோபோல்ட், 1930இல் பிறந்த தம் மகள் ஹில்டகார்டிடம் ஜெர்மனில் மட்டும் பேசி, அவள் வாயிலிருந்து வந்தவற்றையெல்லாம் நாட்குறிப்பாக எழுதி, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மொழியறிஞரின் வீட்டில், மொழியறிஞரே தந்தையாக இருந்து வளர்த்த பிள்ளையை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் பற்றிப் பேசிவிட முடியாது. ஆனால் ஆங்கிலச் சூழல் பலமாகும்போது ஜெர்மன் மெலிவதும், ஜெர்மனிக்குப் போய்த் தங்கியதும் அது மீண்டும் தலைதூக்குவதும் ஒரே பிள்ளையிடம் நாள்வாரியாகத் தெரிந்தது லியோபோல்டின் பொறுமையால்தான்.

இந்தத் துறையில் ஒரு பணி வாழ்க்கை எப்படி உருவாகிறது என்பதற்கு ஐனர் ஹௌகன் நல்ல எடுத்துக்காட்டு. 1906இல் அயோவா மாநிலத்தின் சூ சிட்டி நகரில், நார்வேயின் ஒப்டால் பகுதியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதில் சில காலம் குடும்பத்தோடு ஒப்டாலுக்கே திரும்பிப் போய் வாழ்ந்ததால், அமெரிக்காவில் வீட்டுக்குள் கேட்ட நார்வேஜியமும் நார்வேயில் தெருவில் கேட்ட நார்வேஜியமும் வேறு வேறு என்பதை நூல்களைப் படிப்பதற்கு முன்பே அறிந்திருந்தார். 1931இல் முனைவர் பட்டம் பெற்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்காண்டிநேவிய மொழிகளைக் கற்பிக்கச் சேர்ந்தார். மொழியியல் துறை ஆசிரியராக அவர் சேரவில்லை. மொழி கற்பிக்கும் ஆசிரியராகவே சேர்ந்தார். இந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

விஸ்கான்சினைச் சுற்றியிருந்த பண்ணைக் குடியிருப்புகளில் நார்வேஜியம் பேசுபவர்கள் நிறைய இருந்தார்கள். ஹௌகன் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போனார். பழைய வட்டார வழக்குகள் அங்கே கலந்திருப்பதையும், ஆங்கிலச் சொற்கள் நார்வேஜிய ஒலிகளை அணிந்து, நார்வேஜிய மொழியின் மூன்று இலக்கணப் பால்களில் ஏதாவது ஒன்றுக்குள் புகுந்து, பன்மை விகுதியும் ஏற்று நடமாடுவதையும் பதிவு செய்தார். நார்வேயிலிருந்து வந்த படித்தவர்களுக்கு இது கேலிக்குரிய கலப்படமாகத் தெரிந்தது. ஹௌகன் அதில் ஒழுங்கைத் தேடினார். சொல்லும் ஒலியும் அப்படியே கடன் வாங்கப்படுவது, பாதி கடன்வாங்கிப் பாதியைச் சொந்தச் சரக்கால் நிரப்புவது, பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு சொந்தச் சொல்லின்மேல் ஏற்றுவது என்று கடனாக்கத்தை 1950இல் அவர் வகைப்படுத்திய முறை இன்றைய பாடநூல்களிலும் இருக்கிறது. 1953இல் அமெரிக்க நார்வேஜியம் பற்றிய அவரது இரண்டு தொகுதி ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டில்தான், வில்னியஸ் நகரில் பிறந்து 1940இல் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்த யூரியல் வைன்ரைக், மொழிகள் தொடர்புகொள்ளும் இடம் புவியியல் வரைபடத்தில் இல்லை, இருமொழி பேசும் மனிதரிடத்தில்தான் இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்த நூலை வெளியிட்டார். இருமொழிய ஆய்வை முறையான துறையாகத் தொடங்கிவைத்த ஆண்டு எது என்று கேட்டால் 1953 என்று சொல்பவர்கள் அதிகம்.

ஹௌகனுக்கும் வைன்ரைக்குக்கும் பிறகு வந்த தலைமுறையில், அளவுகோலை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர் நான்சி டோரியன். 1963இல் ஸ்காட்லாந்தின் கிழக்கு சதர்லாந்துக் கடற்கரைக்குக் கேலிக் மொழியின் வட்டார வழக்கைப் பதிவு செய்யப் போனவர், பிரோரா, கோல்ஸ்பி, எம்போ ஆகிய மீனவ ஊர்களில் அந்த வழக்கு வயதானவர்களோடு முடிந்துகொண்டிருப்பதைக் கண்டார். வட்டார வழக்கு ஆய்வின் பழைய மரபுப்படி, இலக்கணம் சிதையாமல் பேசும் முதியவரைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்துவிட்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும். டோரியன் மற்றவர்களையும் விடாமல் பதிவு செய்தார். வேற்றுமை உருபுகளையும் சொல்முதல் ஒலி மாற்றங்களையும் தவறவிட்டுக்கொண்டே கேலிக்கில் பேசும் இளையவர்களை 'அரைப்பேச்சாளர்' என்று 1970களில் பெயரிட்டார். அந்தப் பெயர் இன்று காதுக்கு உறுத்தலாகப்படுவது உண்மை. ஆனால் அவர் கண்டது உறுத்தலுக்கு நேர் எதிரானது. இலக்கணத் தேர்வு வைத்தால் டோரியன் அவர்களைவிட அதிகம் சரியாகச் சொல்வார். ஆனால் அடுப்படிப் பேச்சில் யார் எதைக் கிண்டலாகச் சொன்னார்கள், எந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்த 'அரை'ப் பேச்சாளர்களுக்குத் தெரிந்த அளவுக்கு டோரியனுக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் அவர்களைத் தங்கள் மொழிச் சமூகத்தில் ஒருவராகவே கருதினார்கள். அப்படியானால் மொழிச் சமூகம் என்பதன் எல்லையை இலக்கணத் திறனைக் கொண்டு வரைவது சரியா என்று அவர் 1980களில் எழுப்பிய கேள்வி, இப்போதைய மரபுமொழி ஆய்வின் நேரடி முன்னோடி.

'மரபுமொழி' என்ற பெயர் கல்வி நிர்வாகத்தில் முதலில் வேரூன்றியது கனடாவில். ஒன்டாரியோ மாகாணம் 1977இல் அந்தப் பெயரிலேயே ஒரு கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் அது 1990களின் இறுதியில் பரவி, 2006இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மரபுமொழிகளுக்கென்று ஒரு தேசிய மையம் அமைந்தது. பெயர் கிடைத்ததும் பதவிகள், கருத்தரங்குகள், ஆய்விதழ்கள் என்று ஒரு துறைக்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இன்று இத்துறையின் மையத்தில் இருப்பவர்களில் ஒருவரான மரியா பொலின்ஸ்கியின் பாதை, மரபுமொழி ஆய்வு பொது மொழியியலுக்குள் எப்படி நுழைந்தது என்பதைக் காட்டும். மாஸ்கோவில் பயின்று 1986இல் முனைவர் பட்டம் பெற்றவர், பின்னர் அமெரிக்காவில் குடியேறிப் பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார்; ஹார்வர்டிலிருந்து மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மடகாஸ்கரின் மலகாசி, காகசஸ் மலைப்பகுதியின் செஸ் போன்ற மொழிகளின் தொடரியலில் அவர் பெயர் தனியாக அறியப்பட்டது. அமெரிக்காவில் வளரும் ருஷ்யக் குடியேறிகளின் பிள்ளைகள் பேசும் ருஷ்யனையும், அதுவரை யாரும் எழுதிவைக்காத ஒரு மொழியை அணுகும் அதே கண்ணோடு அவர் அணுகினார். பிழைப் பட்டியல் போடாமல், இந்தப் பேச்சுக்குள் இருக்கும் விதி என்ன என்று கேட்டார்.

ஒரு முடிவைப் பார்ப்போம். ருஷ்யனில் பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அலி என்று மூன்று இலக்கணப் பால்கள். பெரும்பாலான சொற்களின் பால் அவற்றின் இறுதி ஒலியைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் வளர்ந்த, ஓரளவு திறன் கொண்டவர்கள் மூன்றையும் வைத்திருந்தார்கள். திறன் குறைந்தவர்களிடம் அலிப்பால் மறைந்து ஆண், பெண் என்ற இரண்டு மட்டும் எஞ்சியது. அவர்கள் கண்டபடி உளறவில்லை. இறுதி ஒலியை வைத்து எல்லாச் சொற்களையும் இரண்டு கூடைகளில் போடும் புதிய விதி ஒன்று அவர்களிடம் சீராக இயங்கிக்கொண்டிருந்தது. மாஸ்கோ ருஷ்யனோடு ஒப்பிட்டால் அது பிழை; தனியாகப் பார்த்தால் அது வேறோர் இலக்கணம்.

2011இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. ஒருமொழிப் பிள்ளைகள், ஒருமொழிப் பெரியவர்கள், மரபுமொழிப் பிள்ளைகள், மரபுமொழிப் பெரியவர்கள் என்று நான்கு குழுக்கள். 'பூனையைத் துரத்தும் நாய்', 'நாய் துரத்தும் பூனை' என்பது போன்ற பெயரெச்சத் தொடர்களைக் கேட்டுச் சரியான படத்தைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் முழுமையாகக் கற்கவே இல்லை என்பது உண்மையானால், மரபுமொழிப் பிள்ளைகளும் அதே வகைப் பெரியவர்களும் ஒரே இடத்தில் தடுமாற வேண்டும். நடந்ததோ வேறு. மரபுமொழிப் பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளுக்கு இணையாகச் செய்தார்கள். தடுமாறியவர்கள் மரபுமொழிப் பெரியவர்கள்தான். சிறுவயதில் இருந்த ஒன்று வளர்ந்தபின் மாறியிருக்கிறது. கற்காமல் விட்டதற்கும் கற்றது தேய்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை, பெரியவர்களை மட்டும் சோதித்தால் கண்டுபிடிக்கவே முடியாது. இத்துறையில் நுழையும் முனைவர் மாணவர்களுக்கு ஆய்வு வடிவமைப்பைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதற்கிடையே, அர்ஜென்டினாவில் பிறந்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சில்வினா மோன்ட்ருல், மரபுமொழியாளரின் இலக்கணத்தை 'நிறைவுறாத கற்றல்' என்ற கருத்தாக்கத்தால் விளக்க முற்பட்டு 2008இல் எழுதிய நூல் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. குழந்தைப் பருவத்திலேயே மொழியின் வரத்து குறைந்துவிடுவதால் சில இலக்கணக் கூறுகள் முழுமையாக உருவாவதில்லை என்பது அதன் அடிப்படை. தான்யா குபிஷ், ஜேசன் ராத்மன் போன்றோர், வேறுபட்டிருப்பதை நிறைவின்மை என்று சொல்வதே தவறு என்று வாதிட்டார்கள். பெயரைப் பற்றிய சண்டைதானே என்று தோன்றலாம். ஆனால் போர்த்துகீசிய மொழியில் கிடைத்த சான்று, இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல என்பதைக் காட்டியது.

போர்த்துகீசிய மொழியில் எச்ச வினை ஒன்று எழுவாய்க்கு ஏற்ற விகுதியை ஏற்கும். பிரேசிலின் எழுத்து வழக்கில் அது உண்டு. பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. பிரேசில் பிள்ளைகள் அதைக் கற்பது பள்ளிக்கூடத்தில்தான். அமெரிக்காவில் வளர்ந்த பிரேசில் வம்சாவளியினரை ராத்மன் சோதித்தபோது அவர்களுக்கு அந்த வடிவம் தெரியவில்லை. பிரேசிலின் படித்த பெரியவர்களோடு ஒப்பிட்டால் இது தெளிவான 'குறை'. ஆனால் அந்தப் பிள்ளைகளின் காதில் வீட்டில் விழுந்த பேச்சில் அந்த வடிவமே இல்லை. இல்லாததை எப்படிக் கற்பது? போர்ச்சுக்கலின் பேச்சு வழக்கில் அவ்வடிவம் உயிரோடு இருக்கிறது. அங்கிருந்து சென்றவர்களின் பிள்ளைகளிடம் அது இருந்தது. கேட்டதை இரு தரப்பும் சரியாகவே கற்றிருந்தார்கள். பிள்ளையின் தலையில் குறை தேடியவர்கள், அளவுகோலில் பள்ளிக்கூடம் கலந்திருப்பதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 'வந்துகிட்டு இருக்காங்க' என்பதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதச் சொல்லி, எழுதத் தெரியாததைத் தாய்மொழி தெரியாமையாகக் கணக்கிட்டால், அந்தப் பிள்ளை தன் முதல் மொழியிலேயே தோற்றுப்போகும். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், பேச்சில் சரளமாக இருக்கும் ஒருவரை எழுத்துத் தேர்வால் மட்டம் தட்டுவது மிக எளிது. சிங்கப்பூரில் 2005இல் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்ததற்குப் பின்னணி இதுதான். அங்கேயே 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிவாசிகளில் வீட்டில் அதிகம் ஆங்கிலம் பேசுபவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு.

ஒரு மரபுமொழி ஆய்வாளரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி, மேலே சொன்ன வகை முடிவுகளை எழுதுவதில் போவதில்லை. ஆட்களைத் தேடுவதிலும் அவர்களின் பின்னணியைக் கேட்டுக் குறித்துக்கொள்வதிலும் போகிறது. எந்த வயதில் இரண்டாம் மொழி வந்தது, வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார், மூத்த பிள்ளையா இளைய பிள்ளையா, கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் போவதுண்டா என்று வினாநிரல் நீண்டுகொண்டே போகும். மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து பெரும்பான்மை மொழியை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு பிறக்கும் தம்பி தங்கையருக்கு வீட்டு மொழி குறைவாகவே கிடைக்கிறது என்பதால், பிறப்பு வரிசை வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. எழுத்துத் தேர்வு வைக்க முடியாது. பலருக்கு அந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சொற்களே இல்லாத படக்கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கதை சொல்லச் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் வருகின்றன என்ற பேச்சு வேகம், அவருடைய இலக்கணத் திறனோடு நன்றாகப் பொருந்திப் போகிறது என்று பொலின்ஸ்கியும் ஓல்கா ககனும் எடுத்துக்காட்டியதால், ஓர் ஒலிப்பதிவும் கடிகாரமும் பல நேரங்களில் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் போதுமானதாகிவிடுகின்றன.

ஜெர்மனியில் ஹைக்க வீசே தலைமையில் 2018இல் தொடங்கிய கூட்டாய்வு, இந்த முறையை ஒரு படி மேலே கொண்டுபோனது. சிறிய சாலை விபத்து ஒன்றின் காணொளியைக் காட்டுகிறார்கள். பார்த்தவர் அதை நான்கு விதமாகச் சொல்ல வேண்டும்: நண்பருக்குக் குரல் செய்தியாக, நண்பருக்கு எழுத்துச் செய்தியாக, காவல்துறைக்குக் குரல் செய்தியாக, காவல்துறைக்கு எழுத்து அறிக்கையாக. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த துருக்கி, ருஷ்ய, கிரேக்க மரபுமொழியாளர்களும், அமெரிக்காவில் வளர்ந்த ஜெர்மன் மரபுமொழியாளர்களும், அந்தந்த நாடுகளின் ஒருமொழியாளர்களும் இதைச் செய்தார்கள். இதிலுள்ள நுட்பம் ஒருமொழியாளரையும் அதே நான்கு சூழல்களில் பேசவைத்ததில் இருக்கிறது. மரபுமொழியாளரின் 'பிழை' என்று பட்டியலிடப்பட்டவற்றில் சில, ஒருமொழியாளர் நண்பரோடு பேசும்போது அவர்கள் வாயிலிருந்தும் வந்தன. அதுவரை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது ஒருமொழியாளரின் பேச்சல்ல, அவர்களுடைய இலக்கணப் புத்தகம் என்பது அப்போது வெளிப்பட்டது.

அளவுகோல் இன்னோர் இடத்திலும் நழுவுகிறது. குடியேறிய முதல் தலைமுறையே மாறிக்கொண்டிருக்கலாம். ஸ்பானியத்தில் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராக இருந்தால் அதற்கு முன் ஒரு சிறு இடைச்சொல் வர வேண்டும். தமிழில் 'பையனைப் பார்த்தேன்' என்பதில் ஐ உருபை விட முடியாது, 'புத்தகம் படித்தேன்' என்பதில் விடலாம் என்பதை ஒத்த விதி இது. அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் அந்த இடைச்சொல்லை விட்டுவிடுகிறார்கள் என்பது முன்பே தெரியும். மோன்ட்ருலும் அவருடன் பணியாற்றியவர்களும் மெக்சிகோவிலிருந்து பெரியவர்களாக வந்தவர்களைச் சோதித்தபோது, அவர்களில் சிலரிடமும் அதே விடுபடல் தென்பட்டது. தாய்க்கே தேய்ந்துவிட்ட ஒன்றைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்? இதனால்தான் இன்று, மரபுமொழியாளரைத் தாய்நாட்டுப் பேச்சாளரோடு ஒப்பிடாமல், அவருக்கு மொழியைத் தந்த பெற்றோரோடு ஒப்பிட வேண்டும் என்ற கருத்து வலுவடைந்திருக்கிறது. செய்வது கடினம், பிள்ளையைக் கூப்பிட்டால் வருவார், அம்மாவைச் சோதனைக்கு உட்காரவைப்பது வேறு விவகாரம்.

பேசவே பேசாத மொழி மனத்தில் எங்காவது தங்கியிருக்குமா என்பது இத்துறையின் ஓரத்திலிருக்கும் கேள்வி. பொதுமக்களை அதிகம் ஈர்ப்பதும் அதுதான். சிறுவயதில் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டுப் பெரியவர்களானவர்களைக் கிறிஸ்தோஃப் பாலியேயும் சகாக்களும் மூளைப் படிமக் கருவியில் சோதித்து, கொரிய மொழியின் தடமே இல்லை என்று 2003இல் எழுதினார்கள். 2014இல் மான்ட்ரியலில், சீனாவிலிருந்து குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சு மட்டுமே பேசும் சிறுமிகளுக்குச் சீனத்தின் தொனி வேறுபாடுகளைக் கேட்கவைத்தபோது, சீனம் பேசுபவர்களின் மூளை இயங்கும் அதே இடது பகுதி இயங்கியது. வீட்டில் ஸ்பானியத்தைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், கல்லூரியில் அதைப் படிக்க வரும்போது உச்சரிப்பில் மற்ற மாணவர்களைவிட முன்னே இருப்பதை டெரி ஆவும் குழுவினரும் 2002இல் காட்டியிருந்தார்கள். இலக்கணத்தில் அந்த முன்னிலை இல்லை. ஆக, ஒலி முதலில் வந்து கடைசியில் போகிறது என்று எச்சரிக்கையோடு சொல்லலாம்.

எச்சரிக்கை தேவைப்படும் இன்னொரு பகுதி, இருமொழி பேசுவது மூளைக்கு நல்லது என்ற செய்தி. டொராண்டோவின் எலன் பியாலிஸ்டாக்கும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் முதல் சோதனையில் கலந்துகொண்ட இருமொழியாளர்கள் யார் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது: இந்தியாவில் வாழ்ந்த தமிழ்-ஆங்கில இருமொழியாளர்கள். கனடாவின் ஆங்கில ஒருமொழியாளர்களைவிட அவர்கள் கவனச் சிதறலை நன்றாகச் சமாளித்தார்கள் என்பது முடிவு. 2013இல் ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 648 மறதிநோயாளர்களின் பதிவுகளை ஆராய்ந்து, இருமொழியாளர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வெளிப்பட்டதாகக் கண்டார்கள். எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. ஆனால் கென்னத் பாப் போன்றோர் பெரிய குழுக்களைச் சோதித்தபோது கவனம் சார்ந்த அனுகூலம் கிடைக்கவில்லை. சாதகமான முடிவுகளே அதிகம் பிரசுரமாகின்றன என்ற குற்றச்சாட்டும் 2015இல் வந்தது. வெவ்வேறு நாடுகளில் வாழும் இரண்டு குழுக்களை ஒப்பிட்டால் வேறுபாடு மொழியால் வந்ததா, வாழ்க்கையால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம் என்பது 1923இன் வேல்ஸ் சோதனைக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இதற்கும் பொருந்தும். பிடித்த முடிவு வந்தால் அளவுகோலைச் சோதிக்க மறந்துவிடுவது ஆய்வாளர்களுக்கும் உள்ள பழக்கம்தான்.

இனி வேலை வாய்ப்பு. ஹௌகன் விஸ்கான்சினில் மொழி ஆசிரியராகச் சேர்ந்தார் என்று சொன்னோம். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மரபுமொழி ஆய்வாளர்களில் பலர் ஸ்பானியத் துறை, ஸ்லாவிய மொழிகள் துறை, கல்வியியல் துறை, உளவியல் துறை, பேச்சுச் சிகிச்சைத் துறை என்று சிதறிக் கிடக்கிறார்கள். அதற்கு ஏற்பப் பணி வாழ்க்கையும் இரட்டை மாட்டு வண்டிபோல் ஆகிறது. ஒருபுறம் கோட்பாட்டு ஆய்விதழ்களில் எழுத வேண்டும். மறுபுறம் மரபுமொழி மாணவர்களுக்குத் தனி வகுப்பு எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். ஸ்பானியம், ருஷ்யன், கொரியன், சீனம் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக மாணவர் கூட்டம் உண்டு என்பதால் ஆய்வும் அவற்றைச் சுற்றியே குவிந்திருக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த மொழிகளுக்கு, அவற்றைப் பேசுபவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருந்தாலும், ஆய்வாளர் பதவி எளிதில் உருவாவதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு: இந்தத் துறைக்கு வருபவர்களில் கணிசமானோர் தாமே புலம்பெயர்ந்தவர்கள் அல்லது புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள். அது மொழியறிவைத் தருகிறது; கூடவே, எந்த முடிவு வர வேண்டும் என்ற ஆசையையும் தருகிறது.

தமிழ்ப் புலம்பெயர் சமூகத்தைப் பற்றிய ஆய்வில் அந்த ஆசைக்கு எதிராக எழுதியவர், இலங்கையிலிருந்து சென்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சுரேஷ் கனகராஜா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் ஈழத்தமிழ்க் குடும்பங்களிடம் பேசி அவர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, வீட்டில் பேசினால் மொழி தானாக நிலைக்கும் என்ற நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது. குடும்பம் தனித்தீவு அல்ல. ஆங்கிலத்துக்குக் காலனிய காலத்திலிருந்தே இருந்த மதிப்பு, சாதி மற்றும் பாலின அடுக்குகளிலிருந்து சிலருக்கு ஆங்கிலம் தந்த விடுதலை ஆகியவை வீட்டுக்குள் எந்த மொழி பேசப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன என்று அவர் காட்டினார். மொழியைக் கைவிட்டதாகப் பெற்றோரைக் குறைகூறுவதற்கு முன்பு, அந்த மொழி அவர்களை எப்படி நடத்தியது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மொழிப்பற்று மிகுந்த மேடைகளில் இந்தக் கேள்விக்கு வரவேற்பு இருக்காது. ஆனால் ஆய்வாளர் அதைக் கேட்காமல் தப்பிக்க முடியாது.

ஹௌகன் 1942இல் செய்த ஒலிப்பதிவுகள் அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் யானே போண்டி யோஹானெசன் முன்னின்று உருவாக்கிய அமெரிக்க நோர்டிக் பேச்சுத் தொகுப்பில் அவையும், 1931இல் நார்வே ஆய்வாளர்கள் செய்த பதிவுகளும், 2010 முதல் அமெரிக்காவின் மத்தியமேற்குப் பகுதியில் புதிதாகச் செய்யப்பட்டவையும் எழுத்துப் பெயர்ப்போடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. நார்வேஜியத்தில் 'அந்தப் பெரிய வீடு' என்பது போன்ற தொடரில் சுட்டுப்பொருள் இருமுறை குறிக்கப்படும், முன்னே ஒரு தனிச்சொல்லாலும் பெயரின் இறுதியில் விகுதியாலும். இன்றைய அமெரிக்க நார்வேஜியப் பேச்சாளர்கள் அந்த முன்சொல்லை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஓஸ்லோவில் 2020இல் நிறைவடைந்த முனைவர் ஆய்வு ஒன்று இதை நார்வேயின் இன்றைய பேச்சோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், ஹௌகனின் பழைய பதிவுகளிலும் தேடிப் பார்த்தது. அங்கே அந்தச் சொல் இருந்தது. அதனால் மாற்றம் அந்தச் சமூகத்துக்குள்ளேயே, ஹௌகன் பதிவு செய்தவர்களுக்குப் பிந்தைய தலைமுறையிடம் நிகழ்ந்தது என்று காலம் குறிக்க முடிந்தது.